லீனியர் அல்ஜீப்ரா கற்க எம்ஐடி 18.06 வீடியோக்கள் போதுமா, என்பிடெல் பதிவு வேண்டுமா?

நிரைநிரல்:
முதலாண்டு பொறியியல் மாணவர்கள் கணிதத்துக்கு எந்த இலவச வீடியோவைப் பார்ப்பது என்று இங்கே அடிக்கடி கேட்கிறார்கள். லீனியர் அல்ஜீப்ராவுக்கு (நேரியல் சமன்பாடுகள், அணிகள் பற்றிய கணிதம்) என் பதில் ஒன்றுதான்: அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாகப் போடும் ஓபன் கோர்ஸ்வேர் தளத்தில் உள்ள 18.06. அது பாடத்தின் எண். கில்பர்ட் ஸ்ட்ராங் 1999-இல் வகுப்பறையில் நடத்தியதை அப்படியே பதிவு செய்த பாடங்கள். முப்பத்து நாலு சொச்சம் வகுப்புகள், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்தை ஒட்டி வரும். பதிவு வேண்டாம், கட்டணம் இல்லை, கடவுச்சொல்கூடக் கேட்காது.

ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், முதல் வகுப்பிலேயே பார்வை மாறிவிடுகிறது. 2எக்ஸ் − ஒய் = 0, −எக்ஸ் + 2ஒய் = 3. பள்ளியில் இதை இரண்டு கோடுகளாக வரைந்து, வெட்டும் புள்ளியைக் கண்டுபிடிப்போம். அவர் அதையே மேலிருந்து கீழாக, எக்ஸின் எண்கள் ஒரு நிரல், ஒய்யின் எண்கள் ஒரு நிரல் என்று பார்க்கச் சொல்கிறார்: (2, −1) என்ற நிரலில் எத்தனை பங்கு, (−1, 2) என்ற நிரலில் எத்தனை பங்கு சேர்த்தால் (0, 3) வரும்? முதலாவதில் 1, இரண்டாவதில் 2. விடை பழையதுதான். ஆனால் பத்து மாறிகள் வந்தால் கோடு வரைய முடியாது, நிரல்களைக் கூட்டலாம். பின்னால் வரும் வெக்டர் வெளி, ரேங்க் எல்லாம் இந்தப் பார்வையில்தான் நிற்கின்றன.

இதைப் பார்ப்பவருக்கு, ஐஐடிகள் நடத்தும் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் பதிந்து வாராவாரம் கெடுத் தேதிக்கு ஓடும் வேலை தேவையில்லை என்பது என் கருத்து.

வைகை_பாலா:
வீடியோ அருமை என்பதில் சண்டை இல்லை. "பார்ப்பவருக்கு" என்ற சொல்லில்தான் சண்டை. பார்த்தால் புரியும். புரிந்ததை வைத்துக் கணக்குப் போட வராது.

இரண்டாம் வகுப்பில் நீக்கல் முறைக்கு (மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கி விடை காண்பது) எடுக்கும் கணக்கையே பாருங்கள். மூன்று சமன்பாடுகள்; எக்ஸ், ஒய், இசட் முன் நிற்கும் எண்களை நிரைகளாக எழுதினால் 1 2 1, 3 8 1, 0 4 1. வலப்பக்கம் 2, 12, 2. இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையின் 3 மடங்கைக் கழித்தால் 0 2 −2, வலப்பக்கம் 6. மூன்றாம் நிரையிலிருந்து அந்தப் புதிய நிரையின் 2 மடங்கைக் கழித்தால் 0 0 5, வலப்பக்கம் −10. நீக்கி முடித்தபின் மூலைவிட்டத்தில் நிற்கும் எண்களான பிவட்கள் 1, 2, 5. கீழிருந்து மேலே போனால் இசட் −2, ஒய் 1, எக்ஸ் 2. கரும்பலகையில் இது தண்ணீர் போல ஓடும்.

தாளில் போடும்போது பலரும் தடுக்கி விழும் இடம் அந்த 5. 1-லிருந்து −2-இன் இரண்டு மடங்கைக் கழிக்க வேண்டும், அதாவது 1 + 4. குறியை விட்டுவிட்டால் 1 − 4 = −3. இசட் 10/3, ஒய் 19/3, எக்ஸ் −14 என்று வரும். சரி பார்க்கிறேன் என்று முதல் சமன்பாட்டில் போட்டால் 2 வருகிறது, பொருந்துகிறது. இரண்டாவதில் 12, அதுவும் பொருந்துகிறது. மாணவர் அங்கேயே பேனாவை மூடிவிடுவார். மூன்றாவதில் போட்டால்தான் 2 வர வேண்டிய இடத்தில் 86/3 வந்து நிற்கும். பிழை மூன்றாம் நிரையில் நடந்தது, அதனால் மூன்றாம் சமன்பாடு மட்டுமே அதைக் காட்டிக்கொடுக்கும். முப்பத்து நாலு வகுப்பையும் பார்த்து முடித்தாலும் இந்தப் பாடம் கிடைக்காது, ஏனென்றால் வீடியோவில் யாரும் இந்தத் தவறைச் செய்வதில்லை.

என்பிடெல்லில் ஒவ்வொரு வாரமும் பயிற்சி உண்டு, தேதி உண்டு. தவறு அந்த வாரமே தெரியும்.

நிரைநிரல்:
பாலா சார், நீங்கள் காட்டிய தவறு முழுக்கச் சரி. ஆனால் அதற்கு என்பிடெல் மருந்து என்பதுதான் பொருந்தவில்லை. அங்கே வாராந்திரப் பயிற்சியைத் திருத்துவது கணினி. விடையைத் தேர்ந்தெடு, இல்லை எண்ணை நிரப்பு. 10/3 போட்டவருக்குத் தவறு என்று வரும். எந்த வரியில் குறி தவறியது என்று வராது. போதாததற்கு "இந்த வார விடைகள்" என்று தேடினால் யூடியூபில் கொட்டுகிறது. பார்த்து எழுதினால் எந்தத் தவறும் தெரியப்போவதில்லை.

18.06-க்கு எஸ்சி என்ற பின்னொட்டோடு ஒரு பதிப்பு இருக்கிறது, தனியாகப் படிப்பவர்களுக்கென்றே 2011-இல் போட்டது. பாடம் மூன்று அலகாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு வகுப்புக்கும் சுருக்கக் குறிப்பு, உதவி ஆசிரியர்கள் கணக்குப் போட்டுக் காட்டும் வீடியோ, பயிற்சிக் கணக்குகள், அவற்றுக்கு வரிவரியாகத் தீர்வு, அலகு முடிவில் தேர்வு, கடைசியில் இறுதித் தேர்வு. தீர்வு வரிவரியாக இருப்பதால் −3 எங்கே நுழைந்தது என்று தன் தாளோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கலாம். வெறும் யூடியூப் பட்டியலை மட்டும் பார்ப்பவர்கள் இதைத் தவற விடுகிறார்கள். என் முதல் பதிவிலும் இதைச் சொல்லாமல் விட்டது பிழைதான்.

செல்வி_மு:
இரண்டு பேரும் ஆங்கிலம் ஓடும் மாணவரை மனதில் வைத்தே பேசுகிறீர்கள். தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் 18.06-ஐத் திறந்தால் முதலில் தடுப்பது கணக்கு இல்லை, சொல். காஸ்ஸியன் நீக்கல் முறை அவருக்குத் தெரியும். பன்னிரண்டாம் வகுப்புக் கணித நூலின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. "ரேங்க்" என்று கேட்கும்போது அது தான் படித்த அணித்தரம்தான் என்று தெரிவதில்லை. "டிட்டர்மினன்ட்" அணிக்கோவை, "இன்வர்ஸ்" நேர்மாறு, "எஷலான் ஃபார்ம்" ஏறுபடி வடிவம். பத்துச் சொல்லில் பாதிப் பயம் போய்விடும்.

தானியங்கி மொழிபெயர்ப்பில் தமிழ் வசன வரியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். அதற்கு இடம் பொருள் தெரியாது. ரேங்க்கைத் தரவரிசை என்று ஆக்கிவிட்டால் மாணவர் இன்னும் குழம்புவார். ஆங்கில வசன வரியே மேல், சொல்லை எழுத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியது இது. தமிழ்நாடு பாடநூல்கள் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டுமே இலவசப் பிடிஎஃப் ஆகக் கிடைக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம் முதல் தொகுதி இரண்டையும் இறக்கி, முதல் அத்தியாயத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ஒரே கணக்கு இரண்டு மொழியிலும் இருக்கும். நோட்டில் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல். ஒரு வாரம் இதற்கே ஒதுக்கிவிட்டு அப்புறம் வீடியோவைத் தொடங்கட்டும்.

கரிசல்:
டேட்டா பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலருக்கு அதுதான் தடை. 18.06 பழைய பதிவு, வீடியோத் தரத்தை 480-க்கு மேல் வைத்துப் பயனில்லை. 144-இல் வைத்தால் கழித்தல் குறியும் அடிக்குறி எண்ணும் கரைந்துவிடும், பாலா சொன்ன தவறு அங்கேயே பிறக்கும். 360 போதும். மணிக்கு 300 எம்பி என்று வைத்தால் முழுப் பாடத்துக்கும் எட்டு ஜிபிக்குள் முடியும். பாடத் தளத்தில் மொத்தமாக இறக்கும் தொகுப்பில் குறிப்பும் கணக்கும் மட்டுமே வரும். வீடியோ அதில் இருக்காது, ஒவ்வொன்றாக இறக்க வேண்டும்.

வைகை_பாலா:
செல்வி மேடம் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஒன்று சேர்க்கிறேன்: என்பிடெல்லின் பல பாடங்களுக்குத் தமிழ் உரைப்படி தளத்திலேயே கிடைக்கிறது. பாடம் எடுப்பதற்கு முன் அது இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

நிரைநிரல், எஸ்சி பதிப்பின் கணக்குகள் என்பிடெல் பயிற்சியைவிட ஆழம் என்பதை மறுக்கவில்லை. கெடுத் தேதியைத்தான் நீங்கள் லேசாக எடுக்கிறீர்கள். 12 வாரப் பாடத்தில் நல்ல மதிப்பெண் வந்த 8 பயிற்சிகளை மட்டும் எடுத்து 25-க்குக் கணக்கிடுவார்கள், தேர்வு 75-க்கு. சான்றிதழுக்குப் பயிற்சியில் 10, தேர்வில் 30 வேண்டும். பாடம் இலவசம். தேர்வு விருப்பம், நேரில் மையத்துக்குப் போய் எழுத வேண்டும், கட்டணம் 1000 ரூபாய். பயிற்சியைப் பார்த்து எழுதியவர் 25-ஐ அள்ளலாம், அந்த 30 கைக்கு வராது. நான்கு வாரம் தவறினாலும் மீள வழி இருக்கிறது, ஐந்தாவது தவறினால் மதிப்பெண் குறையும். இந்த அளவான நெருக்கடி தனியாகப் படிப்பவருக்கு வேறெங்கே கிடைக்கும்? 18.06 எப்போதும் திறந்திருக்கிறது, அதனாலேயே அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று போய்விடும்.

நிரைநிரல்:
செமஸ்டர் தேர்வு, உள்மதிப்பீடு, ஆய்வகம் என்று ஏற்கெனவே பத்துத் தேதிகளுக்கு ஓடும் மாணவருக்குப் பதினொன்றாவது தேதி உதவாது என்றுதான் நினைக்கிறேன். தேதி நெருங்கும் இரவில்தான் விடை வீடியோவைத் தேடுகிறார்கள். இதில் நாம் ஒத்துப்போகப்போவதில்லை.

கணக்கு விஷயத்தில் ஒத்துப்போகிறோம். வீடியோவில் கணக்கை எழுதியதும் நிறுத்த வேண்டும் (கணினியில் கே விசை), தாளில் முடித்துவிட்டு ஓட விட வேண்டும். முக்கால் மணி வகுப்புக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்ப்பதை மறுபார்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முடித்த கணக்கை மாற்றிப் போடுங்கள். பாலா எடுத்த கணக்கில் கடைசி நிரையின் 1-ஐ −4 ஆக்கினால் மூன்றாவது பிவட் பூஜ்யம், வலப்பக்கம் −10: தீர்வே கிடையாது. வலப்பக்கத்துக் கடைசி 2-ஐயும் 12 ஆக்கினால் பூஜ்யம் = பூஜ்யம்: எண்ணற்ற தீர்வுகள். இரண்டு எண்களை மாற்றி மூன்று நிலைகளையும் ஒரே கணக்கில் பார்த்துவிடலாம்.

செல்வி_மு:
தீர்வை எப்போது திறப்பது என்று யாரும் சொல்லவில்லையே?

வைகை_பாலா:
இருபது நிமிடம் முட்டிய பிறகு, மேடம். அப்போதும் முழுத் தீர்வையும் திறக்கக் கூடாது. பிடிஎஃபை ஒரு தாளால் மறைத்து முதல் வரி மட்டும் தெரியும்படி வைத்து, அதோடு தன் வரியை ஒப்பிட வேண்டும். பொருந்தினால் அடுத்த வரி. பொருந்தாத வரி வந்ததும் மூடிவிட்டு அங்கிருந்து தானே போட வேண்டும். அந்த வரியைச் சிவப்பில் குறித்துத் தேதி போட்டு வையுங்கள். அலகுத் தேர்வுக்கு முந்தின நாள் அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் மறுபடி போட்டால் போதும்.