உங்களை மறக்கவிடாத புதிர் எது? கணினி சாகச விளையாட்டுகளில் மாட்டிக்கொண்ட அனுபவங்கள்

பம்புசெட்:
1991இல் வெளிவந்த மங்கி ஐலண்ட் என்ற கணினி விளையாட்டின் இரண்டாம் பாகத்தை ஆடியவர்களுக்கு ஃபாட் தீவின் அருவியை நான் விளக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் கேட்கப்படும் இரண்டு நிலைகளில் கடினமானதையே தேர்ந்தெடுத்திருந்தேன். என் தந்தை மோட்டார் பழுதுபார்ப்பவர் என்பதால், பைப் ரெஞ்சும் ஸ்பேனரும் எடுத்துக்கொடுத்தே வளர்ந்தவன் நான். அப்படியிருந்தும் அருவியை நிறுத்தும் அந்தப் பம்பின் முன் மூன்று வாரம் நின்றேன். தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவியின் மேல் வாழைப்பழத்தை வைத்து, பியானோ வாசிக்கும் குரங்கை மயக்கி, விறைத்துப்போன அதைத் தூக்கிவந்து பம்பைத் திருக வேண்டும் என்பதே விடை. திருகப் பயன்படும் ஒருவகை ரெஞ்சுக்கு ஆங்கிலத்தில் மங்கி ரெஞ்ச், அதாவது குரங்கு ரெஞ்ச், என்ற பெயர் உண்டென்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். எங்கள் பட்டறையில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. அதுவரை எனக்கு அறிவு போதவில்லை என்றே நம்பியிருந்தேன். அந்த நம்பிக்கைதான் இன்றும் உறுத்துகிறது.

தகரப்பெட்டி:
என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. 2009இல் வந்த மெஷினேரியத்தில் வசனமே இல்லை என்பதால், அதுவரை எந்த விளையாட்டையும் தொடாத அம்மாவை அதன்முன் உட்கார வைத்தேன். கைக்கு எட்டும் பொருளை மட்டுமே ரோபோ எடுக்கும் என்பதைத் தானே கண்டுபிடித்தார். பாலத்துக் காவலனிடம் வந்து நின்றுவிட்டார். முழு விடையும் உள்ள புத்தகத்தைத் திறக்க, ஒரு சாவியை ஓட்டிச் சிலந்திகளைச் சுட்டுக்கொண்டே பூட்டுவரை போக வேண்டும்; அவசரப்பட்டு விடை பார்ப்பவரைத் தடுக்க வைத்த அந்தக் குட்டி விளையாட்டு, உதவி உண்மையில் தேவைப்பட்ட அம்மாவின் விரல்களைத்தான் தடுத்தது. ஆறாவது முறை தோற்றபோது, "அந்தக் கூம்புக்கு நீலச் சாயம் பூசித் தொப்பியாக வைக்க வேண்டும், அம்மா" என்று சொல்லிவிட்டேன். அவர் மவுஸை மெதுவாக என் பக்கம் நகர்த்தி, "அப்படியென்றால் நீயே ஆடு" என்றார்.

இரவுப்பணி:
பம்புசெட் அவர்களே, குறையை மொழியின்மேல் மட்டும் போடுவதை ஏற்க முடியவில்லை. ஸ்பேனர் என்றே சொல்லிப் பழகிய பிரிட்டன்காரர்களுக்கும் அந்தச் சிலேடை எளிதில் எட்டியிருக்காது. ஆட்டத்துக்கு வெளியே உள்ள ஒரு சொல்லை அறிந்திருந்தால் மட்டுமே அவிழும் புதிர் கடினமானதன்று, பூட்டப்பட்டது. நான் 2017இல் வந்த திம்பிள்வீட் பார்க் என்ற சாகச விளையாட்டை, வேலை முடிந்து வந்த களைப்பில் எளிய நிலையில் முடித்தேன். பல புதிர்கள் எனக்குக் காட்டப்படவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது, அந்த ஏமாற்றம் இன்னும் இருக்கிறது. புதிர்களை நீக்குவதைவிடக் குறிப்பைப் படிப்படியாகக் கொடுப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. சாகச விளையாட்டுகளை வெளியிட்ட இன்ஃபோகாம் நிறுவனம் 1980களிலேயே கண்ணுக்குத் தெரியாத மையில் குறிப்புகளை அச்சிட்டு, தனிப் பேனாவால் தேய்க்கத் தேய்க்க வரிவரியாகத் தெரியும்படி விற்றது. 2022இல் வந்த ரிட்டர்ன் டு மங்கி ஐலண்டில் அதே முறை ஆட்டத்துக்குள்ளேயே ஒரு புத்தகமாக இருக்கிறது. தகரப்பெட்டி, நீங்களும் அம்மாவிடம் முதலில் "காவலன் யாருக்குப் பாலத்தை இறக்குகிறான்?" என்று கேட்டிருக்க வேண்டும். அதற்கும் பிடிபடாவிட்டால் வந்தவரின் தலையைக் கவனிக்கச் சொல்லுங்கள், அதன்பிறகே கூம்பின் பேச்சை எடுங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் இடையே பத்து நிமிடமாவது விடுங்கள்.

தகரப்பெட்டி:
நீங்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம், ஆனால் நான் யோசனை கேட்கவில்லை. அம்மா அதன்பிறகு அந்த விளையாட்டைத் திறக்கவே இல்லை. அவர் சேமித்து வைத்த ஆட்டம் அந்தப் பாலத்தருகிலேயே இருக்கிறது. நான் அதை அழிக்கவில்லை.