கயாக்கில் கடல் மீன்பிடிக்க எந்த ரீல் தாங்கும்? வீடு வேலூர், கடல் கோவளம்

காட்பாடிக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் காட்பாடி. ஏரி மீன்பிடிப்பு சின்ன வயதுப் பழக்கம். காவேரிப்பாக்கம் ஏரியில் தண்ணீர் நிற்கிற வருடங்களில் ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டில் பார்க்க முடியாது. இப்போது நண்பரும் நானும் பணம் போட்டு, மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வகைக் கயாக் ஒன்று வாங்கியிருக்கிறோம். காரின் தலையில் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினால் முட்டுக்காடு கழிமுகம், கடல் அமைதியாக இருந்தால் கோவளம். கொடுவா, பாரை, சீலா இதெல்லாம்தான் குறி. வஞ்சிரம் அடித்தால் யோகம்.

பிரச்சினை தூண்டில் லைனைச் சுற்றி எடுக்கிற ரீல்தான். ஏரிக்கு வைத்திருந்த 3000 சைஸ் ஸ்பின்னிங் ரீலையே கடலுக்கும் கொண்டுபோனேன். இப்போது ஹேண்டிலைச் சுற்றினால் கரகரவென்று அரைக்கிறது. லைன் ஏறி வருகிற சின்ன உருளை, அதாவது லைன் ரோலர், அசையவே மாட்டேன் என்கிறது. இதைவிடக் கொடுமை, மீன் இழுக்கும்போது ஹேண்டில் திடீரென்று பின்பக்கம் திரும்பிவிடுகிறது. கம்பெனி பேர் வேண்டாம், சண்டை வரும்.

புதிதாக ஒன்று வாங்கப் பத்தாயிரம் ஒதுக்கியிருக்கிறேன். உழைக்கும் என்றால் இன்னும் மூன்று நான்கு சேர்க்கலாம். ஒன்றில் 5+1 பேரிங், இன்னொன்றில் 10+1 பேரிங் என்று போட்டிருக்கிறார்கள். அதிகம் இருந்தால்தான் நல்லதா? தண்ணீர் புகாதது என்று விற்கிறார்களே, அதை நம்பலாமா? 4000 போதுமா, 6000 வேண்டுமா?

ஈசிஆர் துடுப்பு எழுதியது:

சைஸ் முதலில். 4000 போதும், 5000 வரை போகலாம். பென் கம்பெனிக் கணக்கில் 4500. கயாக்கில் உட்கார்ந்த வாக்கில் நாள் முழுக்க வீச வேண்டும், 6000 ரீலைக் கட்டிக்கொண்டு வீசினால் மத்தியானத்துக்குள் தோள்பட்டை போய்விடும்.

பெட்டியில் டிராக் (மீன் இழுக்கும்போது லைனை இறுக்கிப் பிடித்து விட்டுக்கொடுக்கிற பிரேக்) 15 கிலோ என்று பெரிசாகப் போட்டிருந்தால் மயங்காதீர்கள். 20 பவுண்டு தாங்குகிற பிரெய்டுக்கு (பின்னல் லைன்) இரண்டரை, மூன்று கிலோ டிராக் வைத்தாலே சரி. பெரிய பாரை மாட்டினால் கயாக்கையும் சேர்த்துத்தான் இழுத்துக்கொண்டு போகும், அதிலேயே மீன் பாதி களைத்துவிடும். அதற்கு மேல் இறுக்கிவைத்துப் பக்கவாட்டில் இழுபட்டால் நீங்கள் தண்ணீருக்குள். மீன் எடை போடுகிற கொக்கித் தராசில் லைனைக் கட்டி இழுத்துப் பார்த்து வையுங்கள். விரல் கணக்கு வேண்டாம்.

மாடல் என்றால் டைவா பிஜி, பென் பேட்டில் 3 இரண்டும் உலோக உடம்பு, தண்ணீரைத் தடுக்கிற சீல் கிடையாது. பென் ஸ்பின்ஃபிஷர் 6 சீல் செய்தது, தண்ணீர்த் தடுப்புத் தரம் ஐபிஎக்ஸ் 5. ஸ்லாமர் 4 என்றால் ஐபிஎக்ஸ் 6, விலையும் கனமும் கூட. ஷிமானோ சரகோசா அருமையான ரீல், ஆனால் உங்கள் பட்ஜெட்டில் அதன் பெட்டிதான் வரும்.

கோவளத்தில் அலை முறிகிற இடத்தைத் தாண்டும்போது ராடு, ரீல் எதையும் ஹோல்டரில் நிறுத்தி வைக்காதீர்கள். படுக்கவைத்துக் கட்டுங்கள், முடிந்தால் ரீலைக் கழற்றி மூடிபோட்ட அறைக்குள் வையுங்கள். கயாக் கவிழ்வது அங்கேதான். ரீலுக்குள் மணலும் உப்புத்தண்ணீரும் ஒன்றாகப் போவதும் அங்கேதான். மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் கரை பக்கத்தில்தானே இருக்கிறது என்று நம்பி வெளியே போக வேண்டாம், அது கடல் பக்கமாகவே தள்ளும். இது ரீல் விஷயம் இல்லைதான், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

பேரணாம்பட்டு மெக்கானிக் எழுதியது:

தம்பி, நமக்குத் தொழில் தையல் மெஷின் சர்வீஸ். ஆம்பூர், பேரணாம்பட்டுப் பக்கம் ஷூ கம்பெனிகளில் தோல் தைக்கிற மெஷின்கள். மீன்பிடிக்கிற சிநேகிதர்கள் ரீலைக் கொண்டுவந்து மேஜையில் வைக்க ஆரம்பித்ததில், இப்போது மெஷினோடு ரீலும் பிரிக்கிறேன். அதனால் கடைக்காரர் பார்க்காத பக்கத்தைச் சொல்கிறேன்.

நம்ம பக்கத்துக்காரர்களின் ரீல் கடலில் சாவதில்லை. திரும்பி வருகிற வழியில் சாகிறது. காலை பத்து மணிக்குக் கரையேறுகிறீர்கள். மீனைப் பெட்டியில் போட்டு, கயாக்கைக் கட்டி, டீ குடித்துவிட்டு வண்டியை எடுக்கிறீர்கள். ரீல் டிக்கியில் கிடக்கிறது, உள்ளே அடுப்புச் சூடு. ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போதே தண்ணீர் போய் உப்பு மட்டும் நிற்கும். வாலாஜா டோல்கேட் வந்து, வேலூர் வந்து, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சாயங்காலம் கழுவுகிறீர்கள். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. ஈரமாக இருக்கும்போது ஒரு குவளைத் தண்ணீரில் ஓடிவிடுகிற உப்பு, காய்ந்து பேரிங் குண்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்தபின் லேசில் வராது. காற்றில் ஈரம் ஏறினால் அந்த உப்பே அதை உறிஞ்சித் திரும்ப நனையும். மழை மாதத்தில் வீட்டு அலமாரியில் சும்மா இருக்கிற ரீல் துருப்பிடிப்பது இப்படித்தான். கோவளத்திலேயே குடியிருக்கிறவனுக்கு இந்தத் தொல்லை இல்லை, பத்து நிமிடத்தில் வீட்டுக் குழாய்.

ஆகவே முதல் செலவு ரீலுக்கு இல்லை. ஐந்து லிட்டர் கேனில் நல்ல தண்ணீர், மருந்து அடிக்கிற சின்னக் கை ஸ்பிரேயர் ஒன்று. கரையேறியதும், மீனைப் பார்ப்பதற்கு முன்னால், டிராக் குமிழை இறுக்கிவிட்டு ரீல் மேல் தூறலாக அடியுங்கள். லைன் ரோலரை விரலால் சுற்றிக்கொண்டே அடியுங்கள். பெயில் (லைனைப் பிடித்து ரீலில் சுற்றுகிற கம்பி வளையம்) மடங்குகிற இடம், ஹேண்டில் குமிழ், ரீல் ராடில் உட்காருகிற கால், எல்லாம். பிறகு நிழலில் உதறிக் காயவைத்து, டிராக்கைத் தளர்த்திவிடுங்கள். பைப்பை வைத்து வேகமாக அடிப்பதும் வாளியில் முக்குவதும் கூடாது. இரண்டுமே உப்பை உள்ளே தள்ளுகிற வேலை.

நல்ல தண்ணீர் என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நம்ம வீட்டு போர் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் ரீல் மேல் வெள்ளையாகப் பூக்கும், பார்த்திருப்பீர்கள். பாத்ரூம் குழாயில் படிகிற அதே உப்புக் காறை. கழுவாமல் விடுவதற்குப் போர் தண்ணீரே மேல், அதில் சந்தேகமில்லை. ஆனால் கடைசி அலசல் காவிரித் தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ இருக்கட்டும்.

இப்போது உங்கள் ரீல். லைன் ரோலர் சுற்றாதது ஆச்சரியமே இல்லை, முதலில் போவது அதுதான். லைனோடு வருகிற தண்ணீர் முழுக்க அதன் மேல்தான் ஏறி இறங்குகிறது. உள்ளே இருப்பது சட்டைப் பொத்தானைவிடச் சின்ன பேரிங். போன வாரம் ஒன்றைக் கழற்றினேன்: திருகைத் தளர்த்தியதுமே பழுப்புத் தண்ணீர் கசிந்தது, பேரிங் தண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது, ரோலர் மேல் பிரெய்டு அறுத்த கோடு ஒன்று. ரோலர் சுற்றாமல் நின்றால் லைன் ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டே போகும், ரோலரும் கெடும், லைனும் கெடும். நல்ல மீன் வரும் நாளில்தான் அறுபடும்.

ஹேண்டில் பின்னால் திரும்பக் காரணம் ஒருவழி கிளட்ச். அதற்குள் இருக்கிற சின்ன உருளைகள் உப்பிலோ தடித்த கிரீஸிலோ சிக்கினால் பிடிக்காது. அங்கே கிரீஸ் வைக்கவே கூடாது, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு, அதையும் துடைத்துவிட வேண்டும். பல் சக்கரத்துக்கு கிரீஸ், கிளட்சுக்கு எண்ணெய். இதை மாற்றிச் செய்து வருகிற ரீல்கள்தான் என் மேஜையில் பாதி.

பேரிங் எண்ணிக்கை விளம்பரக் கணக்கு. கடலில் ஒவ்வொரு பேரிங்கும் துருப்பிடிக்க ஒரு வாய்ப்பு. ஹேண்டில் குமிழில் நாலு பேரிங் திணித்து 10+1 என்று போட்டால் என்ன லாபம்? நான் பார்ப்பது வேறு. பெரிய பல் சக்கரம் பித்தளையா, வார்த்த துத்தநாகமா? நடுத்தண்டு ஸ்டெயின்லெஸ்ஸா? ஹேண்டில் நேராகத் திருகி இறங்குகிறதா, நீளக் கம்பி விட்டு மறுபக்கம் மூடி போட்டு இறுக்குவதா? திருகி இறங்குவதுதான் ஆட்டம் இல்லாமல் நிற்கும். டிராக் வட்டுகள் கார்பனா, ஃபெல்ட்டா? கடைசியாக, உதிரி பாகம் கிடைக்குமா? அலுமினிய உடம்பில் ஸ்டெயின்லெஸ் திருகு இறங்குகிற இடத்தில் உப்புத்தண்ணீர் நின்றால் அலுமினியம்தான் அரிக்கும், வெள்ளை மாவாகப் பொங்கித் திருகைக் கவ்விக்கொள்ளும். புது ரீல் வந்ததும் வெளித் திருகுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மரையில் துளி கிரீஸ் தொட்டுத் திரும்பப் போடுங்கள். அரைமணி நேர வேலை.

சீல் விஷயம். ஐபிஎக்ஸ் 5, 6 இரண்டும் பைப்பிலிருந்து பீய்ச்சுகிற தண்ணீருக்கான சோதனை. முழுகினால் தாங்கும் என்று அதற்கு அர்த்தம் கிடையாது, அதற்கு 7 வேண்டும். கயாக்கில் துடுப்புச் சொட்டு, அலைத்தெறிப்பு இவற்றுக்கு 5 நன்றாகவே காக்கும். கவிழ்ந்து ரீல் முங்கினால் சீல் இருந்தாலும் பிரித்துப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் உள்ளே போன தண்ணீரை அந்த சீலே வெளியே விடாது. டைவாவில் மேக்சீல் என்று காந்த எண்ணெய் வைத்த மாடல்களும் வருகின்றன. அந்த இடத்தில் நாமாக எண்ணெய் விடக் கூடாது, கம்பெனி சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். வேலூரில் இருந்துகொண்டு எனக்கு அது ஒத்துவராது.

என் கை நீள்வது ஸ்பின்ஃபிஷர் 4500 பக்கம். பணம் இடித்தால் டைவா பிஜி 4000, ஆனால் வருடம் ஒருமுறையாவது பிரிக்க வேண்டும்.

காட்பாடிக்காரன் எழுதியது:

அண்ணே, ஸ்ரீபெரும்புதூர் கணக்கு அப்படியே நாங்கள் வருகிற வழி. ஸ்பின்ஃபிஷருக்கே போகிறேன். ஒரு சந்தேகம், டபிள்யூடி 40 அடித்துத் துடைத்தால் போதும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். சரியா? பழைய ரீலைத் தூக்கிப் போடுவதா, காப்பாற்ற முடியுமா?

பேரணாம்பட்டு மெக்கானிக் எழுதியது:

டபிள்யூடி 40 இறுகிப்போன திருகைக் கழற்ற நல்லது. ரீலுக்குள் அடித்தால் இருக்கிற கிரீஸையும் கரைத்துக் கீழே இறக்கிவிடும். வெளி உலோகத்தில் துணியால் தொட்டுத் துடைப்பதோடு நிறுத்துங்கள்.

பழைய ரீலைப் போட வேண்டாம். பல் சக்கரத்தின் பல் தேயாமல் இருந்தால், லைன் ரோலர் பேரிங்கும் ஒருவழி கிளட்சும் மாற்றி ஏரிக்கு வைத்துக்கொள்ளலாம். பிரிக்கும்போது ஒன்று மட்டும் கவனம்: ஜப்பான் ரீல்களில் இருப்பது ஜேஐஎஸ் என்கிற ஜப்பான் தரத் திருகு. நம் ஹார்டுவேர் கடை ஸ்டார் டிரைவர் பார்க்க அதே மாதிரி இருக்கும், ஆனால் இறுக்கமான திருகில் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். மெஷின்காரர்களிடம் அந்த டிரைவர் இருக்கும், கேளுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுகிற வரிசையில் போன்கேமராவில் எடுத்துக்கொள்ளுங்கள். வட்டு வாஷர்கள் காகிதம் போல மெல்லிசு, கிரீஸில் ஒட்டிக்கொண்டு வந்து தரையில் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது.

மோர்தானா விரால் எழுதியது:

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். குடியாத்தம் பக்கம் மோர்தானா அணையில் விராலுக்குத் தவளை லூர் (தவளை மாதிரி செய்த போலி இரை) போடுகிறவன் நான். கடலுக்கு வருடத்தில் ஓரிரு முறைதான். இரண்டுக்கும் ஒரே ரீல் போதுமா?

ஈசிஆர் துடுப்பு எழுதியது:

போதும். டைவா பிஜி 3000 வாங்கி லைன் சுற்றியிருக்கிற ஸ்பூல் மட்டும் கூடுதலாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், கிடைத்தால். ஒன்றில் விராலுக்குத் தடித்த பிரெய்டு, இன்னொன்றில் கடலுக்கு 20 பவுண்டு. கழிமுகத்தில் கொடுவாவுக்கு 40 பவுண்டு லீடர் (லைன் முனையில் கட்டுகிற உறுதியான துண்டு) கட்டுங்கள், அதன் செவுள் மூடி கத்தி மாதிரி அறுக்கும். வஞ்சிரம், சீலா என்று வெளியே போனால் பல்லுக்குக் குட்டையாக ஒரு கம்பி லீடர்.

காட்பாடிக்காரரே, ஸ்பின்ஃபிஷர் வாங்கும்போது சைஸ் எண்ணுக்குப் பக்கத்தில் எழுத்து ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பெயில் இல்லாத மாடலும் அதே பெயரில் வருகிறது. கயாக்கில் பழக்கமில்லாதவருக்கு அது தலைவலி.