கருநீல லெக்கிங்ஸ் போட்டால் அரிப்பு, சாயம்தான் காரணமா?

கோவை அம்மா:
மகளுக்குப் புதிதாக எடுத்த பாலியஸ்டர் லெக்கிங்ஸ். போட்ட அன்று ஒன்றும் இல்லை, மறுநாள் சாயங்காலம் முழங்கால் பின்மடிப்பும் தொடையின் உள்பக்கமும் சிவந்து தடித்துவிட்டன. அலசினால் வாளித் தண்ணீரே நீலம். சாயத்தால் புற்றுநோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வேறு வந்தது, பயமாக இருக்கிறது.

திருப்பூர் டையிங்:
அக்கா, பருத்திக்குப் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம், அது நூலோடு பிணைந்துகொள்ளும். பாலியஸ்டருக்கு டிஸ்பெர்ஸ் சாயம், 130 டிகிரி சூட்டில் நூலுக்குள் புகுத்துவதோடு சரி, பிணைப்பு கிடையாது. கடைசியில் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸ் என்ற சாயம் நீக்கும் உப்பும் போட்டு மேலே ஒட்டிய சாயத்தைக் கழுவி எடுக்கவேண்டும், அதை அவசரத்தில் அரைகுறையாக விட்டால் வியர்வையில் தோலுக்கு இறங்கும். கறுப்பும் கருநீலமும்தான் அதிகம் தொந்தரவு, சாயமே அவ்வளவு ஏறியிருக்கும். கல்லுப்பில் ஊறவைக்கச் சொல்வார்கள், பாலியஸ்டரில் அது எடுபடாது.

தோல் மருத்துவர்:
உடனே இல்லாமல் ஒன்றிரண்டு நாள் கழித்து, துணி உரசி வியர்க்கும் இடத்தில் வருவது தொடுஒவ்வாமையின் போக்கு. டிஸ்பெர்ஸ் ப்ளூ 106, 124 என்ற நீலச் சாயங்கள் இரண்டும் இதற்குப் பேர்போனவை. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, படர்தாமரையும் அதே இடத்தில் வரும். அதனால் மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவாதீர்கள், படர்தாமரையாக இருந்தால் இன்னும் பரவும். பேட்ச் டெஸ்ட் என்று, சந்தேகப்படும் பொருளை முதுகில் ஒட்டி 48 மணி நேரம் வைத்துப் பார்ப்போம்.

புற்றுநோய் வேறு கதை. அசோ என்ற வகைச் சாயங்கள் சில சிதைந்தால் பென்சிடின் போன்ற, புற்றுநோய் தரக்கூடிய அமின் என்ற வேதிப்பொருள்கள் வெளிவரும், இந்தியாவில் 1997-லேயே அந்தச் சாயங்களுக்குத் தடை வந்தது, ஐரோப்பாவில் ஒரு கிலோ துணியில் அந்த அமின் 30 மில்லிகிராம்தான் வரம்பு. ஆனால் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் திட்டவட்டமாகத் தெரியவந்தது சாயத் தொழிலாளர்களிடம். 1895-லேயே ஜெர்மனியில் லுட்விக் ரெய்ன் என்ற அறுவை மருத்துவர் அதைக் கவனித்துச் சொன்னார். இன்றும் கையுறை இல்லாமல் சாயத்தூளைக் கொட்டிக் கலக்குபவருக்குத்தான் ஆபத்து அதிகம், அவரைப் பற்றி யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்புவதில்லை.

கோவை அம்மா:
டாக்டரிடம் போகும்போது லெக்கிங்ஸையும் கொண்டுபோகட்டுமா?

தோல் மருத்துவர்:
கட்டாயம். இனித் துவைக்காமல் அப்படியே கொண்டுபோங்கள், அதிலேயே ஒரு துண்டு வெட்டி ஒட்டிப் பார்க்கலாம். தலைச்சாயம் பூசி எப்போதாவது அரித்திருந்தால் அதையும் சொல்லுங்கள், சிலருக்கு இரண்டும் சேர்ந்தே ஒத்துக்கொள்ளாது.