மல் துணி (மெல்லிய பருத்தித் துணி) கர்ச்சீப்: துணி எடுப்பது, ஓரம் அடிப்பது, சலவை. ஒவ்வோர் ஊர்க்காரரும் சொன்னது, ஊர்ப் பெயரின் கீழே

கும்பகோணம்:
பளபளப்பைப் பார்த்து வாங்காதீங்க. பெட்டியில் வரும் கர்ச்சீப்பின் பளபளப்பு பெரும்பாலும் பாலியஸ்டர் கலப்பு. வியர்வையை உறிஞ்சாது, முகத்தில் இழுத்துப் பூசும். வெட்டிய ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்தினால் தெரிந்துவிடும். காகிதம் எரிந்த வாடையும் உதிரும் சாம்பலும் இருந்தால் பருத்தி. உருகி மணியாகக் கட்டினால் கலப்பு. புதுத் துணியில் தண்ணீர்ச் சொட்டு உருண்டு நிற்பதை மட்டும் வைத்து ஒதுக்கிவிட வேண்டாம், அது நெசவுக்காகப் பாவுக்கு (நீளவாட்டு நூலுக்கு) ஏற்றிய கஞ்சியாக இருக்கலாம். ராத்திரி ஊறவைத்து அலசினால் போய்விடும்.

கவுண்ட் (நூலின் நம்பர்) ஏற ஏற இழை மெல்லிசு. 80 அல்லது 100 கவுண்ட் மல் எடுங்க. 40 கவுண்ட் நாலாக மடித்தாலே சட்டைப்பையில் புடைக்கும், நம்ம ஊர்ப் புழுக்கத்தில் நனைந்தால் லேசில் காயாது. தவில் வாசிக்கிறவங்க கணக்கு வேறு, அவங்களுக்கு ஈரிழைத் துண்டுதான் சரி.

மன்னார்குடி:
கும்பகோணத்து அண்ணன் சொன்ன ஊறவைப்பை வெட்டுவதற்கு முன்பே முடிச்சிடணும். 44 அங்குல அகலத் துணி காய்ந்ததும் 43, 42க்கு இறங்கிடும். 1.25 மீட்டர் எடுத்து 14 அங்குலச் சதுரமாக வெட்டினால் ஒன்பது கர்ச்சீப். ஆம்பளைங்களுக்கு 18 அங்குலம் வேணும்னா குறுக்கே இரண்டுதான் வரும், மிச்சம் ஒரு பட்டை வீண்.

பென்சில் கோட்டை நம்பி வெட்டாதீங்க. ஓர் இழையை மெதுவாக உருவினால் துணியிலேயே கோடு விழும், அதன்மேல் கத்தரி போகணும். இழைக்குச் சாய்வாகப் போனால் முதல் சலவையிலேயே சதுரம் கோணிக்கொள்ளும்.

ஓரம்தான் கர்ச்சீப்புக்கு அழகு. மெஷினில் அடித்தால் தட்டையாகப் பட்டை போட்டது மாதிரி இருக்கும். கையில் உருட்டி அடித்தால் மெல்லிய கயிறு மாதிரி நிற்கும், வருஷக்கணக்கில் பிரியாது. முதலில் நாலு முனையிலும் 2 மில்லிமீட்டர் சரிவாக நறுக்கிடுங்க, இல்லைன்னா மூலையில் கட்டி விழும். விரலை ஈரமாக்கி 3, 4 மில்லிமீட்டர் விளிம்பை உருட்டி, 10ஆம் நம்பர் கைத்தையல் ஊசியில் ஒற்றை இழை பருத்தி நூல். உருட்டலுக்குக் கீழே துணியில் ஓர் இழையை மட்டும் எடுத்து, பிறகு உருட்டலுக்குள்ளேயே ஊசியை ஓட்டி, ஐந்தாறு தையலுக்கு ஒருமுறை நூலை இழுங்க. ஒவ்வொரு தையலுக்கும் இழுத்தால் ஓரம் சுருங்கும்.

பாலியஸ்டர் நூல் வேண்டவே வேண்டாம். நூல் துணியைவிட வலுவானால் கிழிவது துணிதான். மெஷின்தான் வழி என்றால் 9 அல்லது 11 நம்பர் ஊசி. ஜீன்ஸுக்குப் போடும் 16ஐப் போட்டால் ஓரமெல்லாம் ஓட்டை தெரியும்.

மயிலாடுதுறை:
இழை உருவுவது பற்றி ஒரு வார்த்தை. ‘மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீப்’ என்ற பெயரில் நம்ம கடற்கரையிலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போன கட்டம் போட்ட துணி மூக்குத் துடைக்க அல்ல, உடுத்த. நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதில் சில இழைகளை மட்டும் நறுக்கி உருவி, கட்டத்துக்குள் புதுக் கோலம் கொண்டுவருவாங்க. நெய்ததைப் பிரித்தே ஓர் அலங்காரம்!

நாகப்பட்டினம்:
கடலோரம் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்காமல் திப்பியாகத் துணியில் தங்கிவிடும், மல் துணி விறைத்துச் சாம்பல் நிறமாகும். கடைசி அலசலுக்காவது மழைத்தண்ணீர் பிடிச்சு வையுங்க. போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் பிளீச்சிங் பக்கமே போகாதீங்க, வெளுப்பதற்குப் பதில் பழுப்பேறும். ஏறிவிட்டால் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி அரை மணி வெயிலில் போட்டு அலசணும். வாசனைக்காக விற்கிற சாஃப்ட்னரும் கூடாது, இழைமேல் படலம் கட்டி உறிஞ்சும் தன்மையைக் குறைச்சிடும்.

சீர்காழி:
வெற்றிலைக் கறைக்கு முதலில் சோப்புப் போடுவதுதான் எல்லாரும் செய்வது. சுண்ணாம்புக் காரத்தில் (ஆல்கலியில்) வந்த சிவப்பு அது, சோப்பும் காரம், அதனால் முதலில் போட்டால் கறை போகாது. எலுமிச்சையோ புளித்த தயிரோ தேய்த்து ஊறிய பிறகுதான் சோப்பு. மஞ்சள் கறை சோப்புப் பட்டால் சிவக்கும், பயப்படாமல் அலசி வெயிலில் விரிச்சுப் போடுங்க, தானே வெளுக்கும். ரத்தம் பட்டால் பச்சைத்தண்ணீர் மட்டும். வெந்நீர் கறையை நிலைக்க வைக்கும்.

தஞ்சாவூர்:
எல்லாரும் கஞ்சியை விட்டுட்டீங்களே. கல்யாணத்துக்குக் கோட்டுப் பையில் முனை தெரிய வைக்கணும்னா கஞ்சி இல்லாமல் நிற்காது. ஜவ்வரிசிக் கஞ்சியை நீர்க்கக் காய்ச்சி வடிகட்டி முக்கி, அரை ஈரத்தில் இஸ்திரி போடணும்.

மன்னார்குடி:
அக்கா, பையில் அழகுக்கு வைக்கிறதுக்குச் சரி. முகம் துடைக்கிறதுக்குக் கஞ்சி ஆகாது. கஞ்சியோடு பீரோவில் வைத்தால் ஐப்பசி மழைக்குக் கரும்புள்ளி விழும், ராமபாணப் பூச்சியும் தேடி வரும். எடுத்து வைக்கும்போது கஞ்சி போக அலசி, மொடமொடவென்று காய்ந்த பிறகு வையுங்க. ஒரே மடிப்பில் மாசக்கணக்கில் இருந்தால் மடிப்பு வாயில்தான் முதலில் இற்றுப்போகும். இந்தத் தடவை நாலாக மடித்தால் அடுத்த தடவை மூணாக மடிங்க.