இரத்தப் புற்றும் கட்டிப் புற்றும் ஒருவருக்கே வந்தபோது: உங்கள் அனுபவம்

மகள், திருச்சி

அம்மாவுக்கு இடது மார்பில் புற்று. ஸ்கேனில் இரண்டு அக்குள்களிலும் நெறி கட்டியிருந்ததால், பரவிவிட்டது என்று அறுவை மருத்துவர் கூறினார். பதினெட்டு நாட்கள் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேச முடியாமல் வீட்டுக்குள் நடமாடினோம். பிறகு, திசு ஆய்வு செய்த மருத்துவர் என்னை அழைத்து, நெறிகளில் மார்பகப் புற்றுச் செல் ஒன்றுகூட இல்லை என்றும், அவற்றில் இருப்பது சி.எல்.எல். (நாள்பட்ட லிம்போசைட்டிக் லுக்கேமியா) என்னும் இரத்தப் புற்று என்றும் விளக்கினார். "அப்படியென்றால் பரவவில்லையா, டாக்டர்?" என்று கேட்டேன். "மார்பகப் புற்று பரவவில்லை, அம்மா" என்றார். அம்மாவுக்கு இரண்டாவது புற்று இருப்பதாகக் கேட்ட அந்த நொடியில் எனக்கு மகிழ்ச்சி பொங்கியது. அதை இன்றுவரை அம்மாவிடம் சொல்லவில்லை.

மகன், சேலம்

அப்பாவுக்குப் பெருங்குடல் புற்று. அறுவைக்கு முந்தைய பரிசோதனையில் வெள்ளணு 62,000 இருந்தது. கிருமித் தொற்று என்று எண்ணி மூன்று வாரம் தள்ளிப்போட்டார்கள். இரத்த அணுக்களின் வகையைப் பிரித்தறியும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனை செய்த பிறகுதான் சி.எல்.எல். என்று தெரிந்தது. இதற்கு இப்போது மருந்து வேண்டாம், முதலில் குடலைக் கவனியுங்கள் என்றார் இரத்தவியல் மருத்துவர். "உடம்பெல்லாம் ஓடுகிற இரத்தத்தில் இருப்பதை விட்டுவிட்டுக் குடலை எதற்கப்பா அறுக்கிறார்கள்?" என்று தியேட்டர் வாசல்வரை அப்பா கேட்டுக்கொண்டே வந்தார். நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை.

மனைவி, நாகர்கோவில்

சேலம் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு, இரத்தப் புற்று என்றாலே காத்திருக்கலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. என் கணவருக்குச் சிறுநீரகப் புற்றுடன் இருந்தது மைலோமா என்னும் எலும்பு மஜ்ஜையில் தோன்றும் இரத்தப் புற்று. முதுகெலும்பு அரிக்கப்பட்டிருந்ததைச் சிறுநீரகப் புற்றின் பரவல் என்றே கருதியிருந்தார்கள்; அவருடைய கால்கள் மரத்துப்போன இரவுக்குப் பிறகுதான் எலும்பு மஜ்ஜையைச் சோதித்தார்கள்.

ஆகவே சில செய்திகளைச் சொல்கிறேன். இரண்டும் தனித்தனிப் புற்று என்பதற்கு 1932-இல் வாரன், கேட்ஸ் என்ற இரு மருத்துவர்கள் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: இரண்டும் புற்றாக இருக்க வேண்டும், தனித்தனியாக இருக்க வேண்டும், ஒன்று மற்றொன்றின் பரவலாக இருக்கக் கூடாது. ஸ்கேனை மட்டும் வைத்து இந்த மூன்றாவதை முடிவு செய்ய விடாதீர்கள். சந்தேகமான இடத்திலிருந்து திசு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். எலும்பு அரிக்கப்பட்டிருந்தால், மைலோமா இருக்கிறதா என்று அறிய, இரத்தப் புரதத்துக்கான எலக்ட்ரோஃபோரசிஸ் சோதனையையும் கேளுங்கள். இரத்தவியல் மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஒரே மேசையில் அமர்ந்து, எதை முதலில் தொடுவது என்று பேச வேண்டும். சி.எல்.எல்.-க்குத் தரப்படும் இப்ரூடினிப் என்ற மருந்தை எடுப்பவர் என்றால் அதை அறுவை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரத்தக்கசிவுக்கு அஞ்சி, அறுவைக்கு முன்னும் பின்னும் 3 முதல் 7 நாட்கள் அதை நிறுத்திவைப்பார்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மகன், சேலம்

அக்கா, எல்லா இரத்தப் புற்றுக்கும் அது பொருந்தும் என்று நான் எழுதவில்லை. சி.எல்.எல்.-இலும் இரத்தசோகை, தட்டணுக் குறைவு, எடை இழப்பு, இரவு வியர்வை போன்றவை வந்தால் மருந்து தொடங்குவார்கள் என்றே எங்களிடமும் சொன்னார்கள். வெள்ளணு எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் தொடங்குவதில்லை. குடல் அறுவை முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் 71,000; இன்னும் மருந்து இல்லை. ஆனாலும் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் அப்பாவின் விரல் அந்த வரியைத்தான் முதலில் தேடுகிறது.