ஃபாக் லாம்புக்கு ரிலே கட்டாயமா?

மடிப்பாக்கம்_வாசி:
2012 மாடல் ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். சென்னை ஜி.பி. ரோட்டில் 55 வாட் ஹாலஜன் ஃபாக் லாம்ப் (மூடுபனி விளக்கு) ஒரு ஜோடி வாங்கினேன். பொருத்த வந்தவர், "ரிலே எல்லாம் எதுக்கு சார், பார்க்கிங் லைட் வயரிலிருந்தே இழுத்து ஒரு ஸ்விட்ச் வெச்சிடலாம்" என்கிறார். பக்கத்துக் கடைக்காரரோ ரிலேயோடு ரெடிமேட் வயரிங் கிட் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டார். யார் சொல்வதைக் கேட்பது?

வயரிங்_குமரன்:
ரிலே இல்லாமல் போடவே கூடாது சார். ரிலே என்றால் சின்ன கரன்ட்டை வைத்துப் பெரிய கரன்ட்டை ஆன், ஆஃப் செய்யும் ஸ்விட்ச். இரண்டு லாம்பும் சேர்ந்து 110 வாட். 12 வோல்ட்டில் 9 ஆம்புக்கு மேல் வருகிறது. பார்க்கிங் லைட் வயர் 5 வாட் பல்புகளுக்காகப் போட்டது, அந்தப் பாரத்தை அது எப்படித் தாங்கும்? ரிலே வைத்தால் ஸ்விட்ச் வழியாக ஓடுவது ரிலேக்குள் இருக்கும் காயிலை இயக்கும் கரன்ட் மட்டும்தான், கால் ஆம்ப் கூட இருக்காது. ரிலேயின் பின்களில் எண் போட்டிருக்கும்: 30-ல் பேட்டரி, 87-ல் லாம்ப், 86-ல் ஸ்விட்ச், 85-ல் எர்த். அவ்வளவுதான் வேலை.

எல்இடி_ரசிகன்:
நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஹாலஜனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு தலா 20 வாட் எல்இடி ஒரு ஜோடி போடுங்கள். மொத்தமே மூன்றரை ஆம்புக்குள். தனி லைன், 5 ஆம்ப் ஃப்யூஸ், 10 ஆம்ப் தாங்கும் நல்ல ஸ்விட்ச், போதும். ரிலே வைத்தால் கூடுதலாக நாலைந்து ஜாயின்ட் வருகிறது. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் நிற்கும் வண்டிகளில் ரிலே பேஸைக் கழற்றிப் பாருங்கள், கடல் காற்றில் பின்னெல்லாம் அரித்துப் பச்சை பூத்திருக்கும். ஜாயின்ட் குறைந்தால் கோளாறும் குறையும்.

வயரிங்_குமரன்:
கணக்கு சரி நண்பரே. ஆனால் அவர் கேட்டது ஹாலஜன். அந்த ஃபிலமென்ட் குளிர்ந்திருக்கும்போது ஆன் செய்தால் முதல் நொடியில் பல மடங்கு இழுக்கும், ஸ்விட்ச் பாயின்ட் கருகிவிடும். அதோடு, ரிலே இல்லையென்றால் முழு கரன்ட்டும் டேஷ்போர்டு வரை வந்து திரும்ப வேண்டும்.

அம்பத்தூர்_எலக்ட்ரீஷியன்:
நீங்கள் இரண்டு பேரும் ரிலேயைப் பற்றியே பேசுகிறீர்கள். ரிலே என்பது வெறும் ஸ்விட்ச். அது எதையும் காப்பாற்றாது. காப்பாற்றுவது ஃப்யூஸ், அதுவும் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான்.

என்னிடம் வந்த ஒரு வண்டியில் ஃப்யூஸ் ரிலேக்கு அடுத்து, லாம்ப் பக்கம் இருந்தது. பேட்டரியிலிருந்து ரிலே வரைக்கும் வந்த வயர் ஹெட்லைட் பிராக்கெட் ஓரத்தில் உரசி உரசித் தோல் கிழிந்து பாடியில் பட்டுவிட்டது. வயர் முழுக்க உருகிப் பக்கத்து வயர் கட்டோடு (ஹார்னெஸ்) ஒட்டிக் கிடந்தது. 15 ஆம்ப் நீல ஃப்யூஸ் புதுசு மாதிரி அப்படியே இருந்தது! ஷார்ட் ஆனது அதற்கு முன்னாலேயே, அது எப்படிப் போகும்? ஷார்ட்டானால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்ப் கொடுக்கும். பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃப்யூஸ் இருந்தே ஆக வேண்டும், ரிலே இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

ஃப்யூஸ் அளவு வயரைப் பார்த்து வருவது. உங்கள் லாம்புக்கு 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர், 15 ஆம்ப் ஃப்யூஸ். அடிக்கடி போகிறதே என்று பச்சை 30 ஆம்பைச் செருகுகிறார்களே, அதற்கு ஃப்யூஸே இல்லாமல் ஓட்டலாம். கிட் வயரின் நுனியைச் சீவிப் பாருங்கள், தோல் தடியாகவும் உள்ளே செம்பு நூலாகவும் இருந்தால் வேண்டாம்.

எல்இடி_ரசிகன்:
ஃப்யூஸ் இடம் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி அண்ணா. எல்இடிக்கு ரிலே வேண்டாம் என்பதில் மட்டும் நான் மாறவில்லை.

அம்பத்தூர்_எலக்ட்ரீஷியன்:
மூன்று ஆம்புக்கு நானும் வற்புறுத்த மாட்டேன் தம்பி. பச்சை பூப்பதற்குக் காரணம் ரிலே இல்லை, பொருத்திய விதம். பின்கள் கீழே பார்க்கும்படி, பம்பர் மட்டத்துக்கு மேலே திருகி வைத்தால் தண்ணீர் நிற்காது. 2015 டிசம்பர் மாதிரி வெள்ளம் வந்தால் எதுவும் தப்பாது, அது வேறு. வயரைப் பிய்த்து முறுக்கி டேப் சுற்றாமல் கிரிம்ப் செய்து (இணைப்பு முனையில் வைத்து நசுக்கி இறுக்கி) மேலே ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்) போடுங்கள்.

அப்புறம், ஐந்து பின் ரிலே என்றால் 87-ஐயும் 87ஏ-யையும் மாற்றிவிடாதீர்கள். ஸ்விட்ச் ஆஃபில் இருக்கும்போதுதான் 87ஏ-யில் கரன்ட் வரும், லாம்ப் ராத்திரி முழுக்க எரியும். டையோடு (ஒரு திசையில் மட்டும் கரன்ட் விடும் பாகம்) உள்ள ரிலேயில் 86 பிளஸ், 85 எர்த் என்பதும் மாறக்கூடாது, மாறினால் டையோடு வழியாக நேரே ஷார்ட்.

மடிப்பாக்கம்_வாசி:
கிட்டை இப்போதுதான் பிரித்தேன். ஃப்யூஸ் ஹோல்டர் 87 வயரில்தான் இருக்கிறது. கடையில் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா?

அம்பத்தூர்_எலக்ட்ரீஷியன்:
முதலில் செம்பைப் பாருங்கள். நன்றாக இருந்தால் திருப்ப வேண்டாம், ஹோல்டரை வெட்டி எடுத்து 30-க்குப் போகும் வயரில் பேட்டரி பக்கம் மாற்றிக் கிரிம்ப் செய்யுங்கள். எர்த்துக்கு லாம்ப் பக்கத்திலேயே பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி ரிங் லக் (வளைய முனை) போட்டு இறுக்குங்கள். எல்லாம் முடிகிற வரைக்கும் பேட்டரி மைனஸ் கழன்றே இருக்கட்டும். ஃப்யூஸைக் கடைசியில் செருகுங்கள்.