கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்: கூல்டின் 1955 பதிவா, 1981 பதிவா?

கேள்வி: பாக்கின் இந்தப் படைப்பை (ஆரியா என்ற தொடக்க மெட்டும், அதன் முப்பது வேரியேஷன்களும், அதாவது மாற்று வடிவங்களும்) முழுசாகக் கேட்கப் போகிறேன். பியானோ கலைஞர் க்ளென் கூல்டின் எந்தப் பதிவில் தொடங்கலாம்?

பதில் 1: 1981. சுமார் 51 நிமிடம். முப்பது வேரியேஷன்களையும் ஒரே அடிப்படைத் துடிப்பில் கோத்திருக்கிறார். 1955 மோனோ (ஸ்டீரியோ இல்லை), 38 நிமிடம்தான். வேகம் அபாரம், ஆனால் ஒரே சமயத்தில் ஒலிக்கும் மெட்டு இழைகள் பின்னுவது காதில் பதிவதற்குள் ஓடிவிடும். முதல் ஆரியாவை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்க: 1955-இல் இரண்டு நிமிடத்துக்குள், 1981-இல் மூன்று.

பதில் 2: பிளேயரில் கேப்லெஸ் (டிராக்குகளுக்கு நடுவே இடைவெளி விடாத வசதி) போட்டு, ஷஃபிளை அணைச்சிடுங்க. எம்பி3 கோப்பின் முனைகளில் சேரும் நிசப்தம் அந்தத் துடிப்பையே அறுத்துவிடும். ஃபிளாக்கில் (தரம் குறையாத கோப்பு வடிவம்) அது இல்லை. ஹெட்போனில் கேட்கும் முனகல் கூல்டுடையது, கோப்பில் கோளாறு இல்லை.

பதில் 3: 'ரிப்பீட்' (ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறை வாசிப்பது) எல்லாம் வேண்டுமென்றால் பியானோ கலைஞர் முர்ரே பெராயாவின் பதிவு, 2000. எனக்கு அதுதான் முதலிடம்.